நெய்யாத் துணியை அறிந்து வாங்குவது எப்படி: டர்பனில் புதிதாகத் தொடங்குவோருக்கு

ஜேக்கப்ஸ், மோபெனி பக்கம் ஆடைத் தொழிற்சாலையில் சேர்ந்தவர்கள், கட்டட வேலையில் மேஸ்திரிக்குக் கீழ் நிற்பவர்கள், ஹார்டுவேர் கடையில் அளந்து வெட்டிக் கொடுப்பவர்கள் எல்லாரும் என்றாவது ஒருநாள் நெய்யாத் துணியைக் கையில் எடுத்தே தீர வேண்டும். சட்டைக் காலருக்குள் இருக்கும் விலீன், தடுப்புச் சுவருக்குப் பின்னால் போடும் பிடிம், மருத்துவமனை முகக்கவசம், கடையில் தரும் பை, குழந்தையைத் துடைக்கும் ஈரத்துணி எல்லாம் இந்தக் குடும்பம்தான். தறியும் இல்லை, பாவும் ஊடும் இல்லை. இழைகளைப் படுக்கையாகப் பரப்பி, ஏதோ ஒரு வழியில் பிணைத்துவிடுகிறார்கள்.

புதியவர்கள் கடையில் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் “எத்தனை ஜிஎஸ்எம்?” என்பதுதான். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்று அதற்குப் பொருள். அந்த எண் தேவைதான், ஆனால் அது இழையின் எடையை மட்டும் சொல்கிறது. இந்தத் துணியில் வேலை செய்வது இழைகளுக்கு இடையே உள்ள வெற்றிடம். நீரை விடுவதும் மண்ணை நிறுத்துவதும், காற்றை விடுவதும் கிருமியைப் பிடிப்பதும் அந்தத் துளைகளால் நடப்பவை. ஆகவே துளையைப் பற்றிக் கேட்கக் கற்றுக்கொள்வதுதான் இந்தத் தொழிலின் அரிச்சுவடி.

எது போக வேண்டும், எது நிற்க வேண்டும்

துணியைத் தொடும் முன் ஒரு தாளை எடுத்து இரண்டு வரி எழுதுங்கள். இதன் வழியே எது போக வேண்டும்? எது போகக் கூடாது? சுவருக்குப் பின்னால் என்றால் நீர் போக வேண்டும், மண் நிற்க வேண்டும். முகக்கவசம் என்றால் மூச்சு போக வேண்டும், நுண்துகள் நிற்க வேண்டும். முட்டைக்கோஸ் பாத்திக்கு மேல் விரிக்கும் மெல்லிய வெள்ளைத் துணி வெளிச்சத்தையும் மழையையும் விட வேண்டும், பூச்சியைத் தடுக்க வேண்டும். விலீனில் எதுவும் ஊடுருவத் தேவையில்லை, காலர் விறைப்பாக நின்றால் போதும். இந்த இரண்டு வரி தெளிவாக இல்லாமல் கடைக்குப் போனால், கடைக்காரர் கையில் இருக்கும் சுருள்தான் உங்கள் தேவையாகிவிடும்.

கண்ணாலும் கையாலும் அறிதல்

துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். சிறு சிறு புள்ளிகள் ஒரே ஒழுங்கில் அழுத்தப்பட்டிருந்தால் அது ஸ்பன்பாண்ட். இடியாப்ப உரலில் மாவைப் பிழிவதுபோல உருகிய பிளாஸ்டிக்கை நுண்துளைத் தகட்டின் வழியே பிழிந்து, காற்றால் இழுத்து நீட்டி, ஓடும் பட்டையில் விழச் செய்து, சூடான உருளைகளுக்கு இடையே விட்டு அந்தப் புள்ளிகளில் ஒட்டவைக்கிறார்கள். கடைப் பைகளில் காண்பது இதுதான்.

புள்ளி இல்லாமல், கம்பளிபோல் தடித்து, மேலே மயிர் கிளம்பினாற்போல் இருந்தால் ஊசிக்குத்துத் துணி. முள் செதுக்கிய ஆயிரக்கணக்கான ஊசிகள் மேலும் கீழும் இறங்கி, இழைகளை ஒன்றோடொன்று சிக்கவைத்திருக்கும். பிடிம் இவ்வகை. மென்மையாக, புடவைத் தலைப்பைத் தொட்டாற்போல் துவண்டு, மெல்லிய கோடுகள் ஓடினால் அது உயர் அழுத்த நீர்த்தாரைகளால் பிணைத்த ஸ்பன்லேஸ். ஈரத்துணிகள் பெரும்பாலும் இப்படிச் செய்யப்படுகின்றன. கடைசி வகை மெல்ட்புளோன். வெண்மையாக, மெத்தென்று, இழுத்தால் சட்டென்று கிழியும். வலுவில்லாத இந்தத் துணிதான் முகக்கவசத்தின் நடுவே உட்கார்ந்து முக்கிய வேலையைப் பார்க்கிறது.

வெளிச்சத்துக்குப் பிடிக்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். மேகம்போல் ஓரிடம் அடர்ந்தும் ஓரிடம் வெளுத்தும் தெரிந்தால் இழை சீராகப் பரவவில்லை. வெளுத்த இடத்தில்தான் முதலில் மண் கசியும், முதலில் கிழியும். அந்தச் சுருளை விட்டுவிடுங்கள்.

எந்தப் பிளாஸ்டிக் என்று அறிய ஒரு கிண்ணம் தண்ணீர் போதும். விரல் நகமளவு துண்டை வெட்டி, சோப்பு கலந்த நீரில் நன்றாகக் கசக்கிக் காற்றை வெளியேற்றுங்கள். மிதந்தால் பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன், அடர்த்தி ஒரு கன மீட்டருக்குச் சுமார் 910 கிலோ. மூழ்கினால் பெரும்பாலும் பாலியெஸ்டர், சுமார் 1380 கிலோ. காற்றை வெளியேற்றாவிட்டால் பாலியெஸ்டரும் மிதந்து உங்களை ஏமாற்றும். விஸ்கோஸ் இழையும் மூழ்கும். சந்தேகமானால் வீட்டுக்கு வெளியே, இடுக்கியில் பிடித்து நுனியைக் கொளுத்திப் பாருங்கள்: விஸ்கோஸ் காகிதம்போல் எரிந்து சாம்பலாகும், மற்ற இரண்டும் உருகிச் சொட்டும்.

இந்தச் சோதனை வெறும் ஆர்வத்துக்கு அல்ல. புதிய கான்கிரீட், சுண்ணாம்பு போன்ற கடும் காரத்தோடு நெடுநாள் தொட்டுக்கொண்டிருந்தால் பாலியெஸ்டர் மெல்ல அரிக்கப்படும், பாலிப்ரொப்பிலீன் தாங்கும். வெயிலில் நிலைமை தலைகீழ். காப்புச் சேர்மம் இல்லாத பாலிப்ரொப்பிலீன் டர்பன் வெயிலில் சில மாதங்களில் நொறுங்கத் தொடங்கிவிடும்.

எடை, தடிமன், துளை விகிதம்

இப்போது கணக்கு. பத்து சென்டிமீட்டருக்குப் பத்து சென்டிமீட்டர் அளவில் பத்துத் துண்டுகள் வெட்டுங்கள். பத்தையும் சேர்த்து சமையலறைத் தராசில் எடை போட்டு, வந்த கிராமைப் பத்தால் பெருக்கினால் ஜிஎஸ்எம் கிடைக்கும். துண்டுகளைச் சுருளின் ஒரே ஓரத்தில் வெட்டாமல் அகலம் முழுக்கப் பரவலாக எடுங்கள். பிறகு பத்தையும் அடுக்கி, மேலே ஒரு கண்ணாடித் தகட்டை வைத்து, அடுக்கின் உயரத்தை அளந்து பத்தால் வகுத்தால் ஒரு துணியின் தடிமன். மெல்லிய ஸ்பன்பாண்ட் என்றால் ஐம்பது அடுக்கு வையுங்கள், இல்லாவிட்டால் அளவுகோலில் பிழை பெரிதாகிவிடும்.

ஓர் எடுத்துக்காட்டு. 200 ஜிஎஸ்எம் பாலியெஸ்டர் ஊசிக்குத்துத் துணி, தடிமன் 2 மில்லிமீட்டர். 200 கிராமை 0.002 மீட்டரால் வகுத்தால் ஒரு கன மீட்டருக்கு 100 கிலோ. பாலியெஸ்டரின் அடர்த்தி 1380. நூறை 1380ஆல் வகுத்தால் 0.072. அதாவது இந்தத் துணியில் 7 சதவீதம்தான் இழை, 93 சதவீதம் வெற்றிடம். மண்ணின் பாரத்தில் 1.5 மில்லிமீட்டராக அமுங்கினாலும் வெற்றிடம் 90 சதவீதம் இருக்கும். சாதாரண மணலில் வெற்றிடம் 30 முதல் 45 சதவீதத்துக்குள்தான்.

அடுத்து 50 ஜிஎஸ்எம் ஸ்பன்பாண்ட், 0.35 மில்லிமீட்டர். அதே கணக்கில் 84 சதவீத வெற்றிடம் வரும். 25 ஜிஎஸ்எம் மெல்ட்புளோன், 0.2 மில்லிமீட்டர் என்றால் 86 சதவீதம். இரண்டும் ஏறத்தாழ ஒன்றுதானே? அப்படியானால் ஏன் ஒன்று பையாகிறது, மற்றொன்று காசநோய் வார்டில் உயிரைக் காக்கிறது?

விடை இழையின் பருமனில் இருக்கிறது. ஸ்பன்பாண்ட் இழை சுமார் 20 மைக்ரோன் (ஒரு மைக்ரோன் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). மெல்ட்புளோன் இழை பெரும்பாலும் 1 முதல் 5 மைக்ரோனுக்குள். வெற்றிடத்தின் மொத்த அளவு ஒன்றாக இருந்தாலும், மெல்லிய இழை அதைப் பல மடங்கு சிறிய அறைகளாகப் பிரித்துவிடுகிறது. இழை பத்து மடங்கு மெல்லியதானால் துளையும் ஏறக்குறைய பத்து மடங்கு சிறுக்கும். அதே தடிமனில் காற்றைத் தள்ளத் தேவைப்படும் அழுத்தம் சுமார் நூறு மடங்கு கூடும். வெற்றிடம் எவ்வளவு, ஒவ்வொரு துளையும் எவ்வளவு என்ற இரண்டு கேள்விகளையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் இந்தத் துறையில் பாதி தூரம் வந்துவிட்டீர்கள்.

சுவருக்குப் பின்னால்

டர்பனில் நம்மவர்கள் நீரின் வேகத்தைத் தெரிந்தவர்கள். உம்பிலோ ஆற்றங்கரையில் 1875இல் எழுந்த கோயில் வெள்ளத்தில் அழிந்து, மீட்ட கதவுகளோடு 1947இல் கேட்டோ மேனரில் அம்பலவாணர் ஆலயமாக மீண்டும் எழுந்தது. 2022 ஏப்ரலில் சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியபோது குவாசூலு-நட்டாலில் 400க்கும் அதிகமானோர் இறந்தார்கள். சரிவுகளில் மண் இறங்கி வீடுகள் போயின. சாட்ஸ்வொர்த்தும் பீனிக்ஸும் மேடும் பள்ளமுமான ஊர்கள். மேட்டை வெட்டிச் சமப்படுத்திய மனைகளில் தடுப்புச் சுவர் இல்லாத தெருவே அபூர்வம். அதனால் இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள்.

சுவரை மண்ணைவிட நீர் அதிகம் சோதிக்கும். இரண்டு மீட்டர் உயரச் சுவருக்குப் பின்னால் நீர் முழுக்கத் தேங்கினால், ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் சுமார் 2 டன் தள்ளுவிசை நீரால் மட்டும் வரும். நீரை வெளியேற்றிவிட்டால் அந்தச் சுமை இல்லை. ஆனால் நீரோடு மண்ணும் வெளியேறினால் பின்னால் பொந்து விழும். நீரை விட்டு மண்ணை நிறுத்தும் வேலைக்கு நெய்யாத் துணியை அணையிலேயே நம்பி வைத்தார்கள்: பிரான்சில் 1970இல் கட்டிய வால்க்ரோ அணையில் பாலியெஸ்டர் ஊசிக்குத்துத் துணி வடிகட்டியாக வைக்கப்பட்டது.

முதலில் உங்கள் மண்ணைப் பாருங்கள். ஒரு கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி நீர், ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பு, குலுக்கி வையுங்கள். ஒரு நிமிடத்தில் படிவது மணல், சில மணி நேரத்தில் படிவது வண்டல், மறுநாளும் கலங்கலாக நிற்பது களிமண். டர்பன் மேடுகளில் காணும் பெரீயா செம்மணல் பழைய கடற்கரைக் குன்றுகளின் மணல். காய்ந்திருக்கும்போது செங்குத்தாக வெட்டினாலும் நிற்கும். நனைந்தால் கரைந்து ஓடும். அதன் நிமிர்ந்த நிலையைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள்.

அடுத்து துணியையும் மண்ணையும் சேர்த்துச் சோதியுங்கள். இரண்டு லிட்டர் கூல்டிரிங்க் பாட்டிலின் அடியையும் கழுத்தையும் வெட்டிவிட்டு, ஒரு முனையில் துணியை இறுக்கிக் கட்டி, உள்ளே ஒரு சாண் உயரத்துக்கு அந்த இடத்து மண்ணையே அமுக்கிப் போட்டு நீர் ஊற்றுங்கள். முதலில் கலங்கிய நீர் வரும். துணியை ஒட்டிய மிக நுண்ணிய துகள்கள் வெளியேறுகின்றன. கொஞ்ச நேரத்தில் பெரிய மணிகள் துணியின் துளைகளில் தங்கி, அவற்றின் இடுக்கில் சிறியவை தங்கி, மண் தானே ஒரு வடிகட்டியைக் கட்டிக்கொள்ளும், நீர் தெளியும். துணி செய்வது அந்தத் தொடக்கத்தை மட்டும்தான். கலங்கல் நிற்கவே இல்லை என்றால் துளை பெரிது. தெளிந்த நீர் வரவரக் குறைந்து சொட்டாகிவிட்டால் துளை அடைபடுகிறது. இரண்டுமே அந்த மண்ணுக்கு அந்தத் துணி ஆகாது என்று சொல்கின்றன.

துணி தேர்ந்ததும் வேலை இப்படிப் போகும். சுவரின் அடியில், பின்புறம், வெளியேறும் முனையை நோக்கி நூற்றுக்கு ஒன்று என்ற சரிவில் பள்ளம் எடுங்கள். பள்ளத்தின் அடியிலும் பக்கங்களிலும் துணியை விரித்து, மேலே மூடுவதற்குப் போதிய அகலம் விடுங்கள். கொஞ்சம் 19 மில்லிமீட்டர் ஜல்லி, அதன்மேல் துளையிட்ட குழாய், மீண்டும் ஜல்லி. பிறகு துணியின் இரு ஓரங்களையும் மேலே கொண்டுவந்து குறைந்தது 300 மில்லிமீட்டர் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி மூடுங்கள். சுருள் முடிந்து புதிய சுருள் தொடங்கும் இடத்திலும் அதே அளவு மேற்படிவு வேண்டும். சுவரில் கசிவுத்துளைகள் விட்டிருந்தால் அவற்றின் பின்புறம் ஒரு துண்டுத் துணியும் ஒரு கூடை ஜல்லியும் வையுங்கள்.

செலவைக் குறைக்க, ஜல்லியைச் சுற்றாமல் குழாயை மட்டும் துணியால் சுற்றிப் புதைப்பவர்கள் உண்டு. நான் அதை ஏற்கமாட்டேன். அத்தனை நீரும் குழாயின் சின்னத் துளைகளுக்கு எதிரே உள்ள துணி வழியே மட்டும் புக வேண்டியிருக்கும். அந்த இடங்கள் சீக்கிரம் அடைபடும். ஜல்லியைச் சுற்றினால் நீர் நுழையும் பரப்பு பல மடங்கு. துணிக்குப் பதில் கறுப்பு பிளாஸ்டிக் விரிப்பதும் கூடாது. அது நீரையும் சேர்த்து நிறுத்திவிடும்.

துணிக்கும் மண்ணுக்கும் நடுவே இடைவெளி விடாதீர்கள். இடைவெளியில் நீர் ஓடினால் சேறு வந்து துணியின் முகத்தில் அப்பும். பாறை முனை, வேர், உடைந்த செங்கல் இருந்தால் முதலில் அகற்றுங்கள். ஜல்லியை உயரத்திலிருந்து கொட்டாதீர்கள். விரித்த துணியை இரண்டு வாரத்துக்குள் மண்ணால் மூடிவிடுங்கள். ஆள் உயரத்தைத் தாண்டும் சுவருக்கும், மேலே வீடோ வாகனப் பாதையோ உள்ள சுவருக்கும் பொறியாளர் கணக்கிட்டுத்தான் ஆக வேண்டும். நல்ல துணி மோசமான சுவரைக் காப்பாற்றாது.

தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்தவர்களுக்கு ஒன்று: இங்கே மழை கோடையில், அக்டோபர் முதல் மார்ச் வரை. மண் வேலைக்கு ஏற்ற காலம் ஜூன், ஜூலை.

இதையெல்லாம் சிறிய அளவில் பழக வேண்டுமானால், கறிவேப்பிலைத் தொட்டியின் அடித்துளைக்கு மேல் ஒரு வட்டம் பிடிம் வெட்டிப் போடுங்கள். நீர் ஊற்றும்போது கீழே வடிவதைக் கவனித்தால், மேலே சொன்ன கலங்கலும் தெளிவும் கண்ணுக்கு முன்னால் நடக்கும்.

முகக்கவசம்

மருத்துவமனை, கிளினிக், முதியோர் இல்லம் ஆகிய இடங்களில் வேலைக்குச் சேர்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். நம் மாகாணத்தின் துகேலா ஃபெரியில் 2005–2006இல் மருந்துகளுக்கு அடங்காத காசநோய் கண்டறியப்பட்ட 53 பேரில் 52 பேர் இறந்தார்கள். அந்த நோய் காற்றில் மிதக்கும் சில மைக்ரோன் அளவுத் துகள்களில் பரவுவது.

முகக்கவசத்தை மீன்வலை என்று நினைக்க வேண்டாம். துகள் துளையைவிடச் சிறியதாக இருந்தாலும் பிடிபடும். பெரிய துகள் காற்றோடு வளைய முடியாமல் இழையில் மோதுகிறது. நடுத்தரத் துகள் உரசி ஒட்டுகிறது. மிகச் சிறியது காற்று மூலக்கூறுகளால் அலைக்கழிக்கப்பட்டு இழையைத் தொட்டுவிடுகிறது. இந்த வழிகள் எல்லாம் பலவீனமாவது சுமார் 0.3 மைக்ரோனில். என்95 வகையை அந்த அளவில் சோதித்து 95 சதவீதம் பிடிக்க வேண்டும் என்று வைத்திருப்பது அதனால்தான். மெல்ட்புளோன் இழைகளில் நிலைமின்னூட்டமும் ஏற்றப்பட்டிருக்கும். அதனால் துளையை மேலும் சிறிதாக்கி மூச்சைத் திணறடிக்காமலே பிடிக்கும் திறன் கூடுகிறது.

ஆகவே என்95 கவசத்தையும், ஐரோப்பியத் தரத்தில் அதற்கு இணையான எஃப்எஃப்பி2 கவசத்தையும் சோப்பில் துவைக்காதீர்கள், ஆல்கஹால் தெளிக்காதீர்கள். சோப்பில் துவைக்காதீர்கள், ஆல்கஹால் தெளிக்காதீர்கள். மின்னூட்டம் போய்விடும், பார்வைக்கு எந்த மாற்றமும் தெரியாது. மூக்குக் கம்பியை அழுத்தி, வேகமாக மூச்சு விட்டு, ஓரத்தில் காற்று கசிகிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். ஓரத்தில் இடைவெளி இருந்தால் காற்று துணியின் வழியே போகாது. நீலநிற அறுவைக் கவசம் என்பது, அதை அணிந்தவரின் எச்சில் துளிகளைத் தடுக்கவே வடிவமைக்கப்பட்டது. காசநோய் வார்டில் அது உங்களைக் காக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

தையலும் வீடும்

யூசுஃப் தாடூ தெருவில், பழைய பெயரில் கிரே தெருவில், விலீன் வாங்கும்போது இரு திசையிலும் இழுத்துப் பாருங்கள். இழைகளைச் சீப்புப்போல் சீவிப் பரப்பும் கார்டிங் பொறியில் செய்த வகை, சுருள் ஓடும் திசையில் வலுவாகவும் குறுக்கே இளகியும் இருக்கும். காலரின் நீளம் எந்தத் திசையில் வெட்டப்படுகிறது என்பது அங்கே முக்கியம். பசை ஒட்டிய வகையானால் இஸ்திரிப்பெட்டியைத் தேய்க்காமல், தூக்கித் தூக்கி வைத்து அழுத்துங்கள். மேல் துணி சுருங்கும் என்றால் அதை முதலில் நனைத்துக் காயவைத்துவிடுங்கள். பிறகு சுருங்கினால் காலரில் கொப்புளம் கிளம்பும்.

ஈரத்துணிகளைக் கழிப்பறையில் போடக் கூடாது. பலவற்றில் விஸ்கோஸோடு பாலியெஸ்டரும் கலந்திருக்கும். காகிதம்போல் நீரில் பிரியாது. கொழுப்போடு முறுக்கிக்கொண்டு சாக்கடையை அடைக்கும். மழை நாளில் அது தெருவுக்குத்தான் வரும்.

கடையில் கேட்க வேண்டியது

கட்டட வேலைக்கு வாங்கும்போது தரவுத்தாளைக் கேளுங்கள். இழை எது, எடை, தடிமன் எந்த அழுத்தத்தில் அளந்தது, நீர் ஊடுருவும் வேகம், குத்துவலு, வெயிலைத் தாங்கும் காலம் ஆகியவை அதில் இருக்க வேண்டும். ஓ90 அல்லது ஓ95 என்று மைக்ரோனில் ஓர் எண் இருக்கும். துணியின் பெரிய துளைகள் ஏறக்குறைய எந்த அளவு என்பதை அது சொல்கிறது. உங்கள் மண்ணின் பெருமணிகளைவிட அது கூடுதலாக இருந்தால் வாங்காதீர்கள். நீர் ஊடுருவும் வேகம் மண்ணுடையதைவிட நிச்சயம் அதிகமாக, முடிந்தால் பத்து மடங்காக இருக்கட்டும். தாள் இல்லை, ஜிஎஸ்எம் மட்டும்தான் தெரியும் என்றால் ஒரு மீட்டர் வெட்டி வாங்கி வந்து பாட்டில் சோதனையைச் செய்துவிட்டு, பிறகு சுருளுக்குப் பணம் கட்டுங்கள். வாங்கிய சுருளின் கறுப்பு உறையை வேலை தொடங்கும் நாள்வரை பிரிக்க வேண்டாம். நிழலில், தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள்.